கன்னத்து அம்புக்குறி

போன மாதம் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டேன். மண்டபத்து வாசலில் ஃபிளெக்ஸ் வந்து இறங்கியிருந்தது. இன்னும் தூக்கிக் கட்டவில்லை, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கோ பார்க்கிறார். பொண்ணு அவரைப் பார்க்கிறாள். நண்பர்கள் வரிசையாகக் கைகட்டி நிற்கிறார்கள். கீழே இரண்டு மூலைகளிலும் வட்டத்துக்குள் பெற்றோர் படங்கள். பொண்ணின் அப்பா கோட்டும் டையும் போட்டிருந்தார். அந்தக் கோட்டு எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்ததோ, எனக்குத் தெரியாது. முகம் மட்டும் நான் வரைந்தது.

இருபது வருடங்களுக்கு முன்னால் பென்சிலில் வரைந்த முகம். ஃபிளெக்ஸ் கடைக்காரர் அதன்மேல் தோல் நிறம் ஏற்றி, உதட்டுக்குச் சிவப்புக் கொடுத்து, நெற்றியில் ஒரு சந்தனக் கீற்றும் வைத்துவிட்டிருந்தார். அந்த மனிதர் கிறிஸ்தவர் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று மட்டும் இருந்தது. இறந்தவர்களுக்குப் போடுகிற ‘தெய்வத்திரு’ இல்லை. என் படம் இவ்வளவு பெரிதாக ஊர் பார்க்க நின்றது வாழ்நாளில் அன்றைக்குத்தான், பெருமைப்பட வேண்டியதுதான். எனக்கோ பெருமை தோன்றவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே?

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் எனக்கு ஆர்ட்டிஸ்ட் வேலை. ஆர்ட்டிஸ்ட் என்றதும் தாடியும் ஜோல்னாப் பையும் உங்கள் கண்ணில் வந்தால் நான் என்ன செய்வது, எனக்கும் அப்படித்தான் வந்தது. தாடிகூட வளர்த்துப் பார்த்தேன், அரைகுறையாகத்தான் முளைத்தது. வேலை என்னவென்றால், வெளிநாட்டுக் குழந்தைகளின் உடுப்புகளுக்குக் கரடியும் முயலும் பட்டாம்பூச்சியும் வரைவது. அவர்களுடைய குளிர்காலத்துக்கான ஆர்டர் நமக்கு வெயில் காலத்திலேயே வந்துவிடும். சித்திரை வெயிலில் பனியனைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பனிமனிதனுக்குக் கம்பளிக் குல்லாய் வரைந்துகொண்டிருப்பேன். “பையன் பனியன்ல பொம்மை போடறானுங்க” என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லுவாள். அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது.

இப்போதும் எங்காவது மண்ணெண்ணெய் வாசனை வந்தால் என் மூக்கு நேராக அந்தப் பிரிண்டிங் ஷெட்டுக்குப் போய்விடும். சாயப் பசையில் மண்ணெண்ணெய் கலந்து கலக்குவார்கள். அந்த வாசனை சட்டையில், தலைமுடியில், டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தில்கூட ஏறிவிடும். ஷெட்டில் இத்தனை நிறங்கள் புரண்டாலும் என் மேசைக்கு ஒரே நிறம்தான் உண்டு, கறுப்பு. ஒரு படத்தில் எத்தனை நிறமோ அத்தனை பிலிம், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள். கரடியின் பழுப்புக்கு ஒன்று, அதன் கழுத்துப் பட்டையின் சிவப்புக்கு ஒன்று, கண்ணின் வெள்ளைக்கு ஒன்று. எல்லாவற்றையும் கறுப்பு மையில்தான் வரைய வேண்டும். அந்தந்தப் பிலிமிலிருந்து தனித்தனியாக ஸ்கிரீன் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகத் துணியில் அடித்து முடித்த பிறகுதான் கரடி முழுதாகக் கண்ணில் படும். அதுவரைக்கும் அது என் தலைக்குள்தான் இருக்கும். ஆக, கண்ணுக்குத் தெரிவதை நம்பாமல், பின்னால் என்னவாகும் என்று கணக்குப் போட்டு வரைகிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

அதிலும் எங்கள் கம்பெனி ரிப் துணிக்குப் பேர் போனது. உடம்போடு ஒட்டி, இழுத்தால் விரிகிற துணி. நான் வரைந்த முதல் கரடி தாளில் அம்சமாகத்தான் இருந்தது. சாம்பிள் தைத்து, குழந்தை பொம்மைக்கு மாட்டிப் பார்த்தால் துணி குறுக்கே விரிந்து கரடியின் முகம் பப்பரப்பே என்று ஆகிவிட்டது. மெர்ச்சண்டைசர் கோகிலா, வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசி ஆர்டர் வாங்குகிற பெண், அதைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்தாள்.

“ஏனுங்க, கரடி கேட்டா பூசணிக்காய வரஞ்சு வெச்சிருக்கறீங்க?”

மொத்த அறையும் சிரித்தது. அன்றிலிருந்து எந்த முகத்தையும் தாளில் கொஞ்சம் ஒடுக்கமாகவே வரைந்தேன். உடம்பில் ஏறினால் அது சரியாகிவிடும். சில மாதங்களில் கை அதைத் தானாகவே செய்தது. போகப் போக ஒடுக்கமான முகம்தான் என் கண்ணுக்குச் சரியான முகமாகப் பட்டது. இதை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அறைக்கும் செக்கிங் பகுதிக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புத்தான். அந்தப் பக்கம் செல்வராணி நிற்பாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். தைத்து வந்த உடுப்புகளை ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எங்கே இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. வாய் திறக்க மாட்டாள். அவள் ஒட்டிய அம்பைப் பார்த்து ஆல்டர் டெய்லர்கள் சரிசெய்வார்கள். அவள் புருஷன் ஞானராஜ் வேறொரு கம்பெனியில் மோட்டார் தையல் மெஷினில் தைக்கிற பவர் டேபிள் டெய்லர். இரண்டு வீட்டுக்கும் ஆகாத கல்யாணம். அவள் இந்து, அவர் கிறிஸ்தவர். ஊரைவிட்டு வந்து இங்கே ஒரு லைன் வீட்டில் குடித்தனம், இரண்டு வயதில் ஜோதி என்று ஒரு பெண் குழந்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஞானராஜ் வயர் கூடையை எடுத்துக்கொண்டு கறி வாங்கப் போனார். திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, அவள் இஞ்சி பூண்டு அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். கறிக்கடைக்காரர் அன்றைக்கு அவரைப் பார்க்கவே இல்லை என்றார்.

நாலைந்து நாள் கழித்து அவள் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி என் மேசைக்கு வந்தாள்.

“அண்ணே, ஸ்டேசன்ல போட்டோ கேக்காக. போட்டோ இல்லாம எப்படிம்மா தேடுததுங்காக. எங்க கல்யாணத்துல ஏதுண்ணே போட்டோ? ஓட்டு அட்டையில ஒண்ணு இருந்துச்சு, அது அவுக பர்ஸோடயே போயிட்டு. நீங்க படம் போடுவீகள்ல, அவுகள வரஞ்சு தாங்கண்ணே.”

“நான் அவரப் பாத்ததே இல்லியே அம்மிணி.”

“நான் பாத்துருக்கேன்ல.”

டீ இடைவேளைகளில் உட்கார்ந்தோம். மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். “மூக்கு மாதிரித்தாண்ணே இருக்கும்” என்றாள். கண்? “கோவம் வந்தா சின்னதாப் போயிரும்.” நெற்றி? யோசித்துவிட்டு, தலைக்குக் குளித்தால் முடியை எப்படிக் கோதிவிடுவார் என்று தன் கையால் செய்து காட்டினாள். நூலை எந்தப் பல்லால் கடிப்பார், சிரிப்பு வந்தால் எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. அசையாமல் இருக்கிற முகம்தான் அவளுக்கு வரவில்லை. நீங்களும் வேண்டுமானால் உங்கள் வீட்டில் இருப்பவர் யாரையாவது கண்ணை மூடிக்கொண்டு நினைத்து, மூக்கை மட்டும் சொல்லிப் பாருங்கள். நான் முயன்றேன், எனக்கு அம்மாவின் மூக்கே வரவில்லை.

குத்துமதிப்பாக ஒரு முகம் போட்டு அவள் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த ஸ்டிக்கர் சுருளை எடுத்து, இடது புருவத்தில் ஒரு அம்பை ஒட்டினாள். அப்புறம் மேலுதட்டில் ஒன்று. காதில் ஒன்று. அம்பு இருந்த இடங்களை அழித்து மாற்றி மறுபடி நீட்டினேன், மறுபடி ஒட்டினாள். எது சரி என்று அவளால் சொல்ல முடியவில்லை, எது தப்பு என்று மட்டும் தெரிந்தது. அந்த வயதில் எனக்குத் தெரியாத ஒரு விஷயம், படம் வரைகிறவனுக்கும் கடைசிவரைக்கும் அவ்வளவுதான் தெரியும். அழித்து அழித்துத்தான் போய்ச் சேர வேண்டும்.

நாளாக ஆக அம்புகள் குறைந்தன. புருவம் சரியாயிற்று, உதடு சரியாயிற்று. இடது கன்னத்தில் மட்டும் ஒரு அம்பு விடாமல் வந்துகொண்டே இருந்தது. நிழலைக் கூட்டினேன், அம்பு வந்தது. நிழலைக் குறைத்தேன், வந்தது. தாடி மயிர் லேசாக வைத்துப் பார்த்தேன், அப்போதும் வந்தது.

“இங்க என்ன அம்மிணி தப்பு?”

“தெரியலண்ணே. என்னமோ இல்ல.”

என் கண்ணுக்கு அந்தக் கன்னத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல அம்பைக் கன்னத்தில் ஒட்டினாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நகத்தால் அந்த அம்பைத் தானே உரித்து எடுத்தாள். “சரியா இருக்குண்ணே. இதான் அவுக” என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அன்றைக்கு வீட்டுக்குச் சைக்கிள் மிதிக்கும்போது, பொம்மை போடுகிறவனாக இருந்தவன் ஓவியனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். தாடியை மறுபடி வளர்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேஷனில் கொடுத்தோம். பஸ் ஸ்டாண்டில், சர்ச் வாசலில், கோயில் மதிலில் ஒட்டினோம். கீழே எங்கள் கம்பெனி போன் நம்பர். கோகிலாதான் போனை எடுத்து, “ஏனுங்க, நல்லாப் பாத்தீங்களா? படத்துல இருக்கற மாதிரியேங்களா?” என்று ஒவ்வொருவரையும் குடைவாள். பெரும்பாலும் ஒன்றுமில்லாத போன்கள்தான். ஒரு போன் கணியூரிலிருந்து வந்தது. வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் புதிதாக ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறார், படத்தில் இருப்பவர் அச்சு அசல் அவரேதான் என்று அடித்துச் சொன்னார்கள்.

நானும் செல்வராணியும் குழந்தையும் பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் அவள் ஜோதிக்குப் பவுடர் பூசிக்கொண்டே வந்தாள். வியர்த்துக் கரைந்ததும் மறுபடி பூசினாள். கொட்டகையில் பாகு கொதிக்கிற வாசனையும் புகையுமாகக் கிடந்தது. கூப்பிட்டார்கள். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார்.

என் படம்தான் வந்தது. அதே புருவம், அதே ஒடுங்கிய கன்னம், அதே தாடை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செல்வராணி விறுவிறுவென்று முன்னால் போனாள். போனவள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரப் பாக்கோணுங்க?” என்றார் அவர்.

செல்வராணியின் தோள்கள் அப்படியே இறங்கிவிட்டன. அவர் பொங்கலூர்க்காரர், தோட்டத்தில் தண்ணீர் வற்றிப்போய்க் கூலி வேலைக்கு வந்தவர். விவரத்தைக் கேட்டுவிட்டு மிகவும் வருத்தப்பட்டார். “கண்ணு, இந்தா” என்று சூடு ஆறாத வெல்லத்தை ஒரு துண்டு உடைத்து ஜோதியின் கையில் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில், தாராபுரம் தாண்டிய பிறகு, செல்வராணி மெல்லச் சொன்னாள்.

“அவரு வாயத் திறந்து பேசுனப்பறந்தாண்ணே அவுக இல்லன்னு தெரிஞ்சுது. மூஞ்சிய வச்சுத் தெரியல.”

எனக்குப் பயமாக இருந்தது. கட்டிய புருஷனின் முகம் இவள் மனசில் எங்கே போயிற்று? அந்த இடத்தில் என் பென்சில் முகம் போய் உட்கார்ந்திருக்கிறதோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது. அப்படியெல்லாம் இருக்காது, களைப்பில் சொல்கிறாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஞானராஜ் வரவே இல்லை. ஒரிஜினல் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு லைன் வீட்டுச் சுவரில் மாட்டினாள். ஜோதிக்குப் பேச்சு திருந்தியதும் “அப்பா எங்க?” என்று கேட்டால் அந்தச் சட்டத்தைக் காட்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதனிடம் போய் என்ன சாப்பிட்டேன், யார் அடித்தார்கள் என்று ஒப்பிக்குமாம். செல்வராணி இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். எனக்குச் சிரிப்பு வராது.

சில வருடங்கள் கழித்து ஞானராஜின் அம்மா ஊரிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்தார். கோபமெல்லாம் வடிந்து, ஆள் பாதியாகிவிட்டிருந்தார். “அண்ணே, அவுக போட்டோ வந்துருக்கு” என்று செல்வராணி ஆள் அனுப்ப, நான் ஓடினேன். சர்ச்சில் அசனம் என்று எல்லாருக்கும் போடுகிற பொது விருந்து சமைத்த நாளில் இளவட்டங்கள் எல்லாம் கரண்டியும் கையுமாக நின்று எடுத்துக்கொண்ட போட்டோ. அவர் எங்கே என்று கேட்டேன். செல்வராணியின் விரல் ஒவ்வொரு தலையாகத் தேடிக்கொண்டு போயிற்று. ஒன்றில் நின்றது, நகர்ந்தது. மாமியார்தான் வெடுக்கென்று சொன்னார்.

“இந்தா நிக்கான்லா. ஒனக்கே தெரியலையா?”

நல்ல அகன்ற முகம். கன்ன எலும்பு இரண்டு பக்கமும் விரிந்து, கண்கள் தள்ளித் தள்ளி இருந்தன. புருவம், உதடு, காது எல்லாம் நான் வரைந்தபடியேதான். அகலம் மட்டும் இல்லை. எனக்கு நொடியில் புரிந்துவிட்டது. ரிப் துணிக்குப் பழகிய கை, இந்த மனிதரையும் ஏதோ ஒரு குழந்தையின் நெஞ்சில் ஏறி விரியப்போகிறவர் என்று நினைத்து ஒடுக்கி வைத்திருக்கிறது. அந்தக் கன்னத்து அம்பு திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் இவர் எந்தத் துணியிலும் ஏறப்போவதில்லையே.

“கொஞ்சம் ஒடுக்கமா வரஞ்சுட்டேன் அம்மிணி. இந்தப் போட்டோவ ஒரு நாள் குடு, சரியா வரஞ்சு தந்தர்றேன்” என்றேன்.

செல்வராணி போட்டோவையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வேண்டாம்ண்ணே. இது அவுக சின்ன வயசுல, அப்ப சதை போட்டுருந்துருப்பாக. இவ தெனமும் இதுக்கிட்டதான் பேசுதா. நாளைக்கு வேற மூஞ்சியக் காட்டி, இதாம்ட்டி ஒங்கப்பான்னு சொல்லவா?”

மாமியார் சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்து, “எவனோ மாதிரி இருக்கான்” என்றார். ஊருக்குப் போகும்போது போட்டோவைப் பைக்குள் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. எங்கள் கம்பெனி கைமாறி, அந்த ஷெட் இப்போது டைல்ஸ் குடோன். கோகிலா கல்யாணமாகிக் கண்காணாத தூரத்துக்குப் போய்விட்டாள். நான் இன்னும் பொம்மைதான் போடுகிறேன், கம்ப்யூட்டர் திரையில். ஞானராஜின் அம்மா இறந்து, அந்த வீடும் ஒரு மழையில் விழுந்துவிட்டது. அசனத்துப் போட்டோ என்னவாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

இனி அந்த ஃபிளெக்ஸுக்கு வருகிறேன். மூலையில் இருந்த வட்டம் பெரியது, என் படமோ ஒடுங்கியது. கடைக்காரர் இடத்தை நிரப்ப வேண்டுமே என்று அதைக் குறுக்கே இழுத்துவிட்டிருக்கிறார். இழுத்ததில் கன்னம் அகன்று, கண்கள் தள்ளிப் போய், கோட்டுக்கும் சந்தனத்துக்கும் மேலே, அசன விருந்தில் கரண்டியோடு நின்ற அதே ஞானராஜ் இருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருடம் கழித்து, மகள் கல்யாணத்துக்கு, சொந்த முகத்தோடு மனிதர் வந்து சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். செல்வராணியிடம் சொல்ல வேண்டும் என்று உள்ளே போகத் திரும்பினேன். அதற்குள் அவளே வந்துவிட்டாள், பட்டுச்சேலையில், நெற்றி நிறையப் பொட்டோடு.

“வாங்கண்ணே. இந்தக் கூத்தப் பாத்தீகளா? ஒங்க படத்த என்ன பாடு படுத்தி வச்சுருக்கான்னு பாருங்க. அவுக இப்படியா இருப்பாக?”

குனிந்து, ஃபிளெக்ஸின் மேல் விரலை வைத்தாள். இடது கன்னத்தில்.

“இங்கதாண்ணே தப்பு. ஜோதி பாத்துட்டு ஒரே அழுகை, இது எங்கப்பா இல்லன்னு. விடியுறதுக்குள்ள வேற அடிச்சுத் தரச் சொல்லிருக்கு.”

“மாத்தீருவாங்க அம்மிணி” என்றேன்.

காலையில் புது ஃபிளெக்ஸ் வாசலுக்கு மேலே ஏறியிருந்தது. ஒடுங்கிய முகம், சந்தனமும் இல்லை. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, பொண்ணு அப்பா ஜாடைதான் என்று பேசிக்கொண்டார்கள். ஞானராஜின் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்த ஆள் இன்றைக்கு இந்த ஊரில் நான் ஒருவன்தான். நான் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கை கழுவப் பின்பக்கம் போனேன். சமையல் கொட்டகையில் பழைய ஃபிளெக்ஸைத் தரையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் கோட்டும் டையும் தெரிந்தன. அதற்கு மேலே, முகம் இருந்த இடத்தில், பூசணிக்காய்த் துண்டுகள் குவிந்து கிடந்தன. குனிந்து ஒரு கை ஒதுக்கினேன். ஒதுக்க ஒதுக்கச் சரிந்து விழுந்துகொண்டே இருந்தது.

“ஏனுங்க சாமி, என்ன தேடறீங்க?” என்று அரிவாள்மணைக்காரப் பெண் கேட்டாள்.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.